நிற்கத் தெரியாத இன்ஜின்: ஐடிலிங்கும் பெட்ரோல் கலவையும் - ஒரு வரலாறு

பி.காம் படிக்கிற பையனுக்குக் கார் இன்ஜினோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். போன வருடம் வரை, பெட்ரோல் டேங்க் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கும் எதுவும் தெரியாது.

அப்போதுதான் என் நண்பனின் அண்ணன் ஒரு பழைய கார் வாங்கினார். முன்பு யாரோ ரேஸ் ஆசையில் வேலை பார்த்து வைத்த வண்டி. கேம்ஷாஃப்ட்டை மாற்றியிருந்தார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு. சைலன்ஸரும் வேறு. அவிநாசி ரோட்டில் காலியாக இருக்கும் நேரத்தில் மிதித்தால் சீறிக்கொண்டு போகும். ஆனால் சிக்னலில் நின்றால் போச்சு. இன்ஜின் வேகம் தானாக ஏறும், இறங்கும், இரண்டு முறை இருமும், அணைந்துவிடும். பின்னால் நிற்கிற டவுன் பஸ்காரர் அடிக்கிற ஹாரனில் எங்கள் மானமும் சேர்ந்து அணையும் :-)

மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினோம். மூன்று பேரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே வேலையைத்தான் செய்தார்கள். கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் திருகி, பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டினார்கள். ஒரு வாரம் நன்றாக நிற்கும். பிறகு ப்ளக்கெல்லாம் கரி பிடித்துப் பழைய குருடி கதவைத் திறடி.

ஒரு மழை நாளில் ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளேயே இன்ஜினை ஓடவிட்டு நாங்களே திருகிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரத்தில் எனக்குத் தலை விண்விண் என்று தெறித்தது. நண்பனுக்குக் குமட்டல். அண்ணன்தான் எதையோ உணர்ந்து, ஷட்டரைத் தூக்கி எங்களை வெளியே இழுத்து விட்டார். அது பெட்ரோல் வாசனையால் வந்த தலைவலி என்று அன்று நினைத்தோம். இல்லை, கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத விஷம். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா என்பதே சந்தேகம்.

அந்தத் தலைவலி போனபிறகு இந்த விஷயத்தின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. அந்த மூன்று மெக்கானிக்குகள் செய்ததைத்தான் மோட்டார் உலகமும் நூறு வருடத்துக்கு மேலாகச் செய்து வந்திருக்கிறது. இன்ஜின் சரியாக நிற்கவில்லையா, இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்று. காரணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. இருப்பாய்வில் பற்றும் வரவும் பொருந்தவில்லை என்றால், வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுத் தற்காலிகமாகச் சமன் செய்வோம். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும்வரைதான் அது. கண்டுபிடிக்காமல் அப்படியே விட்டுவிட்டால்? அந்தக் கதைதான் இது.

9,000 லிட்டர் காற்று

முதலில் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய, சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எடையாகச் சொன்னால் புரியாது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் கார் குடிப்பது காற்றைத்தான். பெட்ரோல் அதற்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய்.

பெட்ரோல் இந்த அளவுக்கு மேல் போனால் 'ரிச்' கலவை, குறைந்தால் 'லீன்' கலவை. ரிச்சானால் எரியப் போதுமான ஆக்சிஜன் இருக்காது. கார்பன் பாதி எரிந்து மோனாக்சைடாக வெளியே வரும். லீனானால் கலவை சரியாகப் பற்றாது. இன்ஜின் மிஸ் அடிக்கும், அணையும்.

இந்த இரண்டு தவறுகளுக்கும் இன்ஜின் கொடுக்கும் தண்டனை சமம் இல்லை. கொஞ்சம் ரிச்சாக இருந்தால் பொறுத்துக்கொண்டு ஓடும். சொல்லப்போனால், 13க்கு 1 என்ற அளவில்தான் இழுவை நன்றாகவே இருக்கும். கொஞ்சம் லீனாக இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே சந்தேகம் வந்தால் பெட்ரோலைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் சுலபமாகத் தெரியும். ஓட்டுகிறவருக்கு நஷ்டம் தெரியாது. தெரியாத நஷ்டம் வேறு யாருக்கோ போகும்.

மருந்துக்கடை வாசலில்

1886ல் கார்ல் பென்ஸ் ஜெர்மனியில் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியில், இன்று நாம் சொல்லும் கார்புரேட்டர் இல்லை. இருந்தது ஒரு பாத்திரம். அதற்குள் லிக்ராய்ன் என்ற லேசான பெட்ரோலிய திரவம். அதன்மேல் காற்றைச் செலுத்தினால் ஆவி கலந்து இன்ஜினுக்குள் போகும். வெயில் அடித்தால் ஆவி அதிகம், குளிரடித்தால் குறைவு. பாத்திரத்தில் திரவம் குறையக் குறையக் கலவையும் மாறும். சாம்பிராணி போடுவது போலத்தான், கைப்பக்குவம்.

1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் அந்த வகை வண்டியை ஓட்டிப் போனார். வழியில் வைஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் லிக்ராய்ன் வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியை எடுத்துக் குத்திச் சரி செய்தார்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த ஊசிதான். வண்டி நின்றது. அவர் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அடைப்பு எங்கே என்று பார்த்து எடுத்தார். நெடுஞ்சாலையில் நடந்த முதல் 'ட்ரபிள் ஷூட்டிங்' இதுவாக இருக்கலாம். சரியான முறையில் நடந்ததும்கூட.

உறிஞ்சும் குழாய்

1893ல் இரண்டு இடங்களில் ஒரே யோசனை வந்தது. ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோன்கா என்ற இருவர். ஜெர்மனியில் டெய்ம்லரின் கூட்டாளி வில்ஹெல்ம் மேபாக். திரவத்தை ஆவியாக்கிக் காத்திருப்பதற்குப் பதிலாக, நுண்ணிய துளை வழியே காற்றில் தெளித்துவிடலாம் என்பதுதான் யோசனை.

தத்துவம் பழையது. குழாய் குறுகும் இடத்தில் காற்று வேகமாக ஓடும், வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும். அந்தக் குறுகலில் ஒரு துளை வைத்தால் பெட்ரோல் தானாக மேலே உறிஞ்சப்படும். இத்தாலியின் வென்ச்சூரி இதைப் பற்றி 1797லேயே எழுதிவிட்டார். பெட்ரோல் மட்டத்தை ஒரே அளவில் வைக்க, நம் வீட்டு தண்ணீர்த் தொட்டியில் இருப்பது போல ஒரு மிதவை. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதிகக் காற்று, அதிகக் காற்றுக்கு அதிகப் பெட்ரோல். எவ்வளவு அழகு!

ஆனால் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. காலை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? காற்று வழி கிட்டத்தட்ட மூடிவிடும். குறுகலில் ஓடும் காற்று நின்றுபோனது மாதிரிதான். உறிஞ்சும் சக்தி இல்லை, பெட்ரோல் வராது, இன்ஜின் அணையும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் சுலபமாக இருக்கும் வேலை, சும்மா நிற்கும்போது முடியவே முடியாததாகிவிடுகிறது.

அதனால் ஐடிலிங்குக்கென்றே தனியாக ஒரு சின்னப் பாதை வைத்தார்கள். மூடிய வால்வுக்கு அந்தப் பக்கம், இன்ஜினின் உறிஞ்சல் பலமாக இருக்கும் இடத்தில், ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. அதை அடைக்கவும் திறக்கவும் ஒரு ஸ்க்ரூ. எங்கள் மூன்று மெக்கானிக்குகளின் ஸ்க்ரூ வம்சம் இங்கேதான் பிறந்தது.

காலணிக் குடும்பத்தின் கார்புரேட்டர்

எல்லோரும் துளையை மாற்றிக்கொண்டிருந்தபோது, குறுகலையே மாற்றினால் என்ன என்று யோசித்தவர் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஸ்கின்னர். காலணி வியாபாரக் குடும்பம். அதனாலோ என்னவோ, முதல் கார்புரேட்டர்களில் ஏறி இறங்கும் பகுதியைத் தோல் துருத்தியால் செய்தார்கள். இதற்கு 1905ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். ஸ்கின்னர் யூனியன் என்ற பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'எஸ்.யு' கார்புரேட்டர் ஆனது. தோல் துருத்தி போய்ப் பின்னாளில் உலோகப் பிஸ்டன் வந்தது.

வேலை செய்யும் விதம் எளிமை. இன்ஜின் அதிகம் உறிஞ்சினால் பிஸ்டன் மேலே ஏறும், குறைவாக உறிஞ்சினால் இறங்கும். காற்று வழியின் அளவு தானாக மாறும். பிஸ்டனின் அடியில் கூம்பு வடிவ ஊசி ஒன்று பெட்ரோல் துளைக்குள் இருக்கும். பிஸ்டன் ஏற ஏற ஊசியின் மெல்லிய பகுதி வரும், பெட்ரோல் கூடும். ஐடிலிங்கிலும் வேகத்திலும் ஒரே துளைதான்.

இதில் கலவையைச் சோதிக்க ஒரு அருமையான வழி உண்டு. எந்தக் கருவியும் வேண்டாம். இன்ஜின் சூடேறி ஐடிலிங்கில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். கொஞ்சம் அதிகக் காற்று உள்ளே போகும். இன்ஜின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் கலவை ரிச். உடனே தடுமாறினால் லீன். லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கேள்வியை இன்ஜினிடமே கேட்டு, பதிலைக் காதால் வாங்கிக்கொள்வது.

மினி எடுத்துக்கொண்ட சுதந்திரம்

மாற்றியமைத்த இன்ஜின் என்றாலே நினைவுக்கு வருவது மினி. 1959ல் வந்தபோது அது 848 சிசி, 34 குதிரைசக்தி, ஒரே ஒரு எஸ்.யு. 1961ல் ஜான் கூப்பர் பெயரில் வந்த மினி கூப்பரில் 997 சிசி, இரண்டு எஸ்.யு, 55 குதிரைசக்தி. 1964ல் மான்ட்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் ஓட்டிய மினி, தன்னைவிடப் பெரிய கார்களைத் தாண்டி முதலிடம் வந்தது. அதன்பிறகு இங்கிலாந்தில் கராஜ் வைத்திருந்த ஒவ்வொரு இளைஞனும் தன் காரைத் திறந்து பார்க்க ஆரம்பித்தான் என்றால் ரொம்பவும் மிகையில்லை.

கேம்ஷாஃப்ட் மாற்றுவதுதான் முக்கியமான வேலை. இன்ஜினில் காற்று வரும் வால்வும் புகை போகும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் ஒரு சின்ன இடைவேளை உண்டு. ரேஸ் கேமில் அந்த இடைவேளை நீளம். அதிக வேகத்தில் இது நல்லது. வெளியேறும் புகையே புதுக் காற்றை இழுத்துக் கொடுக்கும். ஆனால் ஐடிலிங்கில் தலைகீழ். உறிஞ்சல் பலமாக இருக்கும் உள்பக்கத்துக்குப் புகை திரும்பி வந்துவிடும். புதுக் கலவையோடு எரிந்துபோன புகை சேர்ந்தால் நெருப்பு மெதுவாகப் பிடிக்கும், சில முறை பிடிக்கவே பிடிக்காது. இன்ஜின் குலுங்கும். குலுங்குவதால் உறிஞ்சல் ஏறி இறங்கும். உறிஞ்சலை நம்பியிருக்கும் கார்புரேட்டரும் ஏறி இறங்கும்.

இப்போது நம் சிக்னல் நாடகம் புரிகிறதா? வண்டியின் கோளாறு என்று நாங்கள் நினைத்ததில் ஒரு பங்கு கோளாறே இல்லை, கேமின் குணம். அந்த மாதிரி இன்ஜினை 800 ஆர்.பி.எம்மில் பூனை மாதிரி உறுமவைக்க முடியாது. 1,100லோ 1,200லோ நிறுத்தினால்தான் நிற்கும்.

இரண்டு கார்புரேட்டர் இருந்தால் தகராறும் இரண்டு. ஒன்று அதிகம் உறிஞ்ச, மற்றது சோம்பேறியாக இருந்தால் இன்ஜினின் பாதி ஒரு பக்கம் இழுக்கும். இதற்கும் காதுதான் கருவி. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்து 'உஸ்ஸ்' சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி வரும்வரை சரிசெய்வார்கள். இத்தாலியில் எட்வர்டோ வெபர் போலோன்யாவில் தொடங்கிய கம்பெனியின் கார்புரேட்டர்கள் இன்னொரு வழி. அவற்றில் ஐடில் ஜெட், மெயின் ஜெட், காற்று ஜெட் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம். பொறுமை உள்ளவனுக்குச் சொர்க்கம், அவசரக்காரனுக்கு நரகம்.

நம் பக்கத்திலும் இந்தப் பைத்தியம் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் பல வருடங்கள் ரேஸ் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. எங்கள் கோவையில் கரிவரதன் நினைவாகவே ஒரு டிராக் இருக்கிறது. எங்கள் அண்ணனின் வண்டிகூட அந்தக் காலத்து ஆசைகளின் மிச்சமாகத்தான் இருக்க வேண்டும்.

கணக்கில் வராத செலவு

இதுவரை சொன்னதெல்லாம் பானெட்டுக்குக் கீழே நடந்தவை. ரிச்சாக விட்ட கலவையின் மிச்சம் எங்கே போனது? வானத்துக்குத்தான்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1940களில் கண்ணை எரிக்கும் மூட்டம் வர ஆரம்பித்தது. அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர், அந்த மூட்டத்தையும் அதே முறையில் ஆராய்ந்தார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து உண்டாவதே அது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். கார் கம்பெனிகள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. யார்தான் ஒத்துக்கொள்வார்கள், பில் வரும்போது?

இன்னொரு அனாமத்துக் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜின் 'நாக்' அடிப்பதைத் தடுக்க, 1921ல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1924லேயே நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் விஷமேறி இறந்தார்கள். ஆனாலும் விற்பனை தொடர்ந்தது. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021ல். சரியாக நூறு வருடம். இன்ஜினின் பிரச்னை ஒன்று, அதைத் தீர்க்க ஊற்றியது ஒன்று, செலவைக் கட்டியது தெருவோரக் குழந்தைகளின் ரத்தம்.

1970ல் அமெரிக்காவில் வந்த சுத்தமான காற்றுச் சட்டம், ஐந்தே வருடத்தில் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கெடு தள்ளிப் போனாலும் முதல் முறையாக அந்தச் செலவு தயாரிப்பாளரின் கணக்கில் எழுதப்பட்டது. 1975 மாடல் கார்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்தது. ஈயம் பட்டால் கன்வர்ட்டர் செத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் வந்தாக வேண்டியிருந்தது.

ஐடில் ஸ்க்ரூவுக்கும் வேளை வந்தது. முதலில் அதன் மேல் ஒரு அளவுக்கு மேல் திரும்பாதபடி பிளாஸ்டிக் மூடி மாட்டினார்கள். பிறகு யாரும் தொடவே முடியாதபடி உலோக அடைப்பு வைத்து மூடிவிட்டார்கள். பழைய மெக்கானிக்குகள் திட்டித் தீர்த்தார்கள். அவர்கள் கோபமும் நியாயம்தான். காதால் வேலை செய்கிறவன் கையைக் கட்டினால் எப்படி?

புகையை முகரும் மூக்கு

தீர்வு வந்தது எதிர்ப்பக்கத்தில் இருந்து. உள்ளே போவதை அளப்பதைவிட வெளியே வருவதை முகர்ந்து பார்க்கலாமே! பாஷ் கம்பெனி செய்த லாம்ப்டா சென்சார் 1976ல் வால்வோ காரில் முதலில் வந்தது. புகைக் குழாயில் சொருகிய, சிர்க்கோனியாவால் ஆன ஒரு விரல். புகையில் ஆக்சிஜன் இல்லாவிட்டால் சுமார் 0.9 வோல்ட், இருந்தால் சுமார் 0.1 வோல்ட். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். 14.7ஐச் சுற்றியே கலவை ஆடும். நம் நாட்டில் 1995ல் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வர்ட்டர் வந்தது. 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் நின்றது. அதையொட்டியே கார்புரேட்டர் போய் 'எம்.பி.எஃப்.ஐ' என்ற எழுத்துகள் கார்களின் முதுகில் வந்தன.

அப்பாடா, முடிந்தது என்று நினைக்காதீர்கள். இந்த மூக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது முகர்வது பெட்ரோலை அல்ல, ஆக்சிஜனை. சைலன்ஸர் மாற்றியபோது சென்சாருக்கு முன்னால் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே வரும். சென்சார் அதை லீன் என்று சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். ரேஸ் கேம் போட்டு இன்ஜின் மிஸ் அடித்தாலும் அதே கதைதான். எரியாத கலவையில் இருக்கும் ஆக்சிஜனை முகர்ந்து, ஏற்கெனவே ரிச்சாக இருக்கும் இன்ஜினுக்கு இன்னும் ஊற்றும்.

பார்த்தீர்களா? நூறு வருடம் கழித்து, கம்ப்யூட்டரும் நம் மூன்று மெக்கானிக்குகள் செய்ததையே செய்கிறது. அளக்கும் கருவி வந்துவிட்டது என்பதால் காரணம் தேடும் வேலை போய்விடவில்லை.

கடைசியில் நடந்தது

நான்காவதாக ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார். அவர் வாங்கவே இல்லை.

"அதெல்லாம் கடைசிலங்க தம்பி. மொதல்ல காத்து எங்க எடுக்குதுன்னு பாப்போம்" என்றார்.

முதலில் வால்வு இடைவெளி. பிறகு இக்னிஷன் டைமிங். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடங்களில் கிளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். இரண்டாவது கார்புரேட்டரின் அடியில் அடித்ததும் இன்ஜின் சத்தம் சட்டென்று மாறியது. பேக்கிங் போயிருந்தது. அந்த வெடிப்பு வழியாகக் கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. கணக்கில் எழுதாத காற்று.

அப்படியானால் வேகமாகப் போகும்போது ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நூறு ரூபாய் வியாபாரத்தில் பத்து ரூபாய் காணாமல் போனால் கடை ஆடிவிடும். பத்தாயிரம் ரூபாய் வியாபாரத்தில் அதே பத்து ரூபாய் போனால் யாருக்கும் தெரியாது. ஐடிலிங் என்பது நூறு ரூபாய் வியாபாரம். சின்னத் திருட்டும் அங்கேதான் மாட்டும்.

பேக்கிங்கை மாற்றினார். மிதவை மட்டம் பார்த்தார். ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டு கார்புரேட்டரையும் ஒன்றாக்கினார். எல்லாம் முடிந்தபிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டு வாங்கினார். மூன்று பேர் கூட்டி வைத்ததையெல்லாம் குறைத்தார். இப்போது வண்டி 1,100ல் நிற்கிறது. லேசாகக் குலுங்கும், ஆனால் அணையாது. புகையில் கண் எரிவதில்லை. பேக்கிங் விலை, நாங்கள் ஒரு வாரத்தில் வீணாக்கிய பெட்ரோலின் விலைகூட இல்லை.

வேலையெல்லாம் திறந்தவெளியில்தான் நடந்தது. ஷெட்டுக்குள் நாங்கள் செய்த கூத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. இந்தத் தொழிலில் அப்படித் தூங்கி எழாமல் போனவர்களைத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நீங்களும் தயவுசெய்து மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

அனாமத்துக் கணக்கைப் பற்றி எங்கள் ஆசிரியர் முதல் வருடமே சொன்னது, அது பிழையைத் திருத்தாது, பிழையைத் தேட நேரம் மட்டும் கொடுக்கும் என்பதுதான். அன்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அர்த்தம் புரிந்தது ஒரு பழைய காரின் கிழிந்த பேக்கிங்கைப் பார்த்தபோது.

அடுத்த செமஸ்டர் தேர்வு நெருங்குகிறது. அது முடிந்ததும் வேறு ஒரு விஷயத்தோடு வருகிறேன். அதுவரை, சிக்னலில் உங்கள் முன்னால் ஒரு வண்டி இருமிக்கொண்டு நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள். உள்ளே நாங்களாக இருக்கலாம் :-)